இன்ஃபோசிஸ் பைபேக்: அந்த 1,800 ரூபாய் யாருக்கு லாபம்?

2025 நவம்பரில் சாத்தான்குளத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: டிசிஎஸ் பங்கை விற்று, இன்ஃபோசிஸ் வாங்கி, அதை 1,800 ரூபாய்க்கு நிறுவனத்திடமே கொடுத்துவிடலாமா? முடியாது. நிறுவனம் தன் பங்கைத் தானே திரும்ப வாங்கிய அந்த பைபேக்கில், 2025 நவம்பர் 14 அன்று டீமேட் கணக்கில் இன்ஃபோசிஸ் வைத்திருந்தவர்கள் மட்டுமே கொடுக்க முடிந்தது. அவர்களுக்கும் நவம்பர் 26 கடைசி நாளாக இருந்தது.

உபரிப் பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தருவதாக நிறுவனம் சொன்னது. 10 கோடி பங்குகள், 18,000 கோடி ரூபாய். ஆனால், ஏறத்தாழ 13 சதவீதம் வைத்திருந்த நாராயண மூர்த்தி, நிலேகணி உள்ளிட்ட நிறுவனர் தரப்பு ஒரு பங்கைக்கூடக் கொடுக்கவில்லை. அப்போது சந்தையில் 1,500 ரூபாய்க்குச் சற்று மேலே போன பங்குக்கு 1,800 கிடைத்தும் ஏன் ஒதுங்கினார்கள்? அப்போதைய வரி விதியைப் படித்தால் கணக்கு புரிகிறது.

2024 அக்டோபர் 1 முதல் 2026 மார்ச் வரை பைபேக்கில் வந்த தொகை முழுவதும் டிவிடெண்டாகவே கருதப்பட்டது. லாபத்துக்கு மட்டுமல்ல, நீங்கள் போட்ட முதலுக்கும் சேர்த்து வரி. அந்த முதல் தனியாக மூலதன நஷ்டமாக எழுதப்பட்டது. வேறு மூலதன லாபம் வந்தால் எட்டு ஆண்டுகளுக்குள் கழித்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் 100 பங்குகள், வாங்கிய விலை 1,400 என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் ரூபாய்க்குள் வைத்திருக்கும் சிறு முதலீட்டாளருக்கு 11-க்கு 2 என்ற விகிதம். ஆக 18 பங்குகள் போயிருக்கும், 32,400 ரூபாய் வந்திருக்கும். 30 சதவீத வரம்பில் உள்ளவர் செஸ் சேர்த்து வரி கட்டினால் பங்குக்கு 1,238 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும். நஷ்டத்தைப் பிற்பாடு முழுதாகக் கழித்தாலும் ஏறத்தாழ 1,420-தான். அவர் சந்தையில் விற்பதே மேலாக இருந்தது. புதிய வரித் திட்டத்தில் 12 லட்சத்துக்குள் வருமானமுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ 1,800 முழுதாக நின்றிருக்கும். பிடித்த டிடிஎஸ்ஸும் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். ஆக, ஒரே விலை இருவருக்கு இருவிதமானது. முதலை வருமானம் என்று பெயரிட்டு வரி கேட்டது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

கடிதங்களில் வந்த வேறு சில கேள்விகள். டிசிஎஸ் பைபேக் தருமா? 2017 முதல் 2023 வரை ஐந்து முறை தந்தது, 2025-இல் டிவிடெண்ட்தான். அதில் ஏறத்தாழ 72 சதவீதம் டாடா சன்ஸுக்கே போகும்.

இரு நிறுவனங்களில் எது பெரியது? 2024-25 நிகர லாபம்: டிசிஎஸ் 48,553 கோடி, இன்ஃபோசிஸ் 26,713 கோடி.

ஆள்குறைப்பு செய்தால் பங்கு ஏறுமா? டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக 2025 ஜூலையில் அறிவித்த பிறகு விலை இறங்கியது.

அமெரிக்காவின் எச்-1பி விசா கட்டணம் 2025-இல் ஒரு லட்சம் டாலர் ஆனது யாரைப் பாதிக்கும்? டிசிஎஸ், இன்ஃபோசிஸ் இரண்டையும்.

தென்காசியில் இருக்கும் சோகோ பங்கு எங்கே வாங்கலாம்? பங்குச் சந்தையில் அது இல்லை. தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த பைபேக் முடிந்துவிட்டது, அதை நம்பி இப்போது இன்ஃபோசிஸ் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், இனி ஒரு பைபேக் வந்தால், அப்போதைய வரி விதியையும் தங்கள் வரி வரம்பையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.