நாள் தள்ளும் முன்பே

கிரகணம் வந்தால் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் இன்றும் கர்ப்பிணியை வாசல் தாண்ட விடாத வீடுகள் உண்டு. கத்தி, அரிவாள்மணையைத் தொடக் கூடாது. தொட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்குமாம். வயிறு தெரிகிற ஐந்தாம் மாதத்தில்தான் இந்தக் காவல் பலமாக இருக்கும். முகத்தின் இரு பக்கமும் வளர்ந்து, நடுவில் ஒட்டி மேலுதடு உருவாகிற வேலையோ கருத்தரித்த ஏழு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

முதுகுத்தண்டுக்கு இன்னும் அவசரம். தட்டையான ஒரு தகடு, பாய் சுருட்டியதுபோல் சுருண்டு குழாயாகி, 28-ஆம் நாள் வாக்கில் மூடிக்கொள்ளும். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாகாது. கீழே மூடாவிட்டால் முதுகு பிளந்து பிறக்கும். கணக்குப் போட்டால், நாள் தள்ளிப்போய் அப்போது இரண்டு வாரம்தான். அதன் பிறகு செவிலியரிடம் சொல்லி, கர்ப்பத்தைப் பதிந்து அதற்கான பிக்மி எண் வாங்கி, இக்குறையைத் தடுக்க உதவும் போலிக் ஆசிட் மாத்திரை கைக்கு வருவதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே போயிருக்கும். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்ற தாய்மாரிடம் நடத்தி 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே இம்மாத்திரையைத் தொடங்கியவர்களுக்கு இக்குறை 72 சதவீதம் குறைந்தது.

அடுத்தது, நாம் பேசத் தயங்கும் சொந்தக் கல்யாணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் உறவுக்குள் மணந்தவர்கள். ஒரே தாத்தா பாட்டியின் பழுதான மரபணு இரு வழியாகவும் வந்து குழந்தையிடம் சேர்வதுதான் சிக்கல். பொதுவாக நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன், அத்தை பிள்ளைகள் மணந்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அக்கா மகளை மணந்தால் நெருக்கம் இன்னும் அதிகம். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை.

கட்டுக்கடங்காத சர்க்கரை, வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை, ருபெல்லா அம்மை, மது எல்லாம் பிறவிக் குறைக்கான காரணங்களின் பட்டியலில் உண்டு. பண்ருட்டி முந்திரி நாட்டுக்காரர்களுக்குக் கேரளத்தின் காசர்கோடு நினைவிருக்கும்: முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்த ஊர்களில் குறைகளோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்த பிறகு, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது.

இத்தனைக்குப் பிறகும் பாதிக் குறைகளுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. மருமகளின் பாவம் என்று வீட்டில் சொல்வது அநியாயம்.

பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே போலிக் ஆசிட் கேளுங்கள். சர்க்கரையோ வலிப்போ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவற்றுக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.