மஞ்சப்பையில என்ன இருக்கு பாட்டி?

வீட்டுல யாராவது ஃபாரின் கிளம்பினா, காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு ஒரு போஸ்டிங் தானா வந்து சேரும். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. 'நீதானே இன்ஜினீயரிங் படிக்கிற... ஃபார்ம், டிக்கெட் எல்லாம் நீயே பார்த்துக்கோ!'

எங்க வீட்டுல அந்தப் பதவி எனக்கு. சிங்கப்பூர்ல இருக்கற அக்காவுக்குப் பிரசவம். அப்பா, அம்மா, பாட்டி, எட்டாவது படிக்கிற தம்பி, நான்... மொத்தம் அஞ்சு டிக்கெட். எக்ஸெல் ஷீட் போட்டேன். பாஸ்போர்ட்டுக்கு ஒரு கலம், விசாவுக்கு ஒரு கலம், பெட்டி எடைக்கு ஒரு கலம். செமஸ்டர் பிராஜெக்ட்டுக்குக்கூட இவ்வளவு உழைச்சதில்லை. ஆனா, ஒரே ஒரு கலத்தை மறந்துட்டேன். பாட்டியோட மஞ்சப்பை.

செக்யூரிட்டி செக்ல எல்லா ட்ரேயும் நேரா வந்துச்சு. மஞ்சப்பை மட்டும் தனி ரூட்ல திரும்பிப் போச்சு. 'இது யாருடைய பை?'ன்னு கேட்டாங்க. உள்ளே ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டில் நிறைய பிரசவ லேகியம்! சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பனைவெல்லம், நெய் எல்லாம் போட்டு, பாட்டி ரெண்டு நாள் அடுப்படியில நின்னு கிண்டினது. பெட்டியில வெச்சா உடைஞ்சிடும்னு கையோட கொண்டு வந்திருக்காங்க.

'டாக்டர் சீட்டு இருக்காம்மா?'

'எதுக்குய்யா டாக்டரு? இந்தக் குடும்பத்துல ஏழு பிரசவம் நான்தான் பார்த்தேன்!'

அந்த ஆபீசர் சிரிச்சுட்டார். ஆனா, விதி சிரிக்காதே. இமிக்ரேஷன் தாண்டியாச்சு, பெட்டிகளும் உள்ளே போயாச்சு. பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போச்சு. பாட்டி ஒண்ணும் சொல்லலை. ஃப்ளைட்ல நாலு மணி நேரம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. 'ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே'ங்கற மாதிரி ஒரு பார்வை மட்டும்.

அது நியாயமான பார்வைதான். தப்பு பாட்டி மேல இல்லை, ஆபீசர் மேலயும் இல்லை. அதனால, இந்தக் கட்டுரை என்னை மாதிரி எக்ஸெல் ஷீட் மேனேஜர்களுக்காக!

முதல்ல அந்த 100 மில்லி கதை. 2006 ஆகஸ்ட்ல, லண்டன்ல இருந்து கிளம்பற விமானங்களைக் குளிர்பான பாட்டில்ல நிரப்பின திரவ வெடிமருந்தால தகர்க்க நடந்த சதியை போலீஸ் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா இந்த ரூல் வந்துச்சு. கையில கொண்டு போற திரவம் எதுவா இருந்தாலும் பாட்டில் 100 மில்லிக்கு மேல இருக்கக் கூடாது. எல்லா பாட்டிலும் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே ஒரு ஜிப் கவர்ல அடங்கணும். புதுசா வந்திருக்கற ஸ்கேனரால சில நாட்டு ஏர்போர்ட்கள்ல இதைத் தளர்த்தியிருக்காங்க. ஆனா, அதை நம்பி பேக் பண்ணாதீங்க.

இதுல ரெண்டு இடத்துல நம்ம ஆட்கள் அவுட் ஆவாங்க. ஒண்ணு, கணக்கு பாட்டில் சைஸுக்குத்தான், உள்ளே இருக்கற அளவுக்கு இல்லை. 200 மில்லி பாட்டில்ல அடியில கொஞ்சூண்டு எண்ணெய் இருந்தாலும் அவுட். ரெண்டு, திரவம்னா தண்ணி மட்டுமில்லை. ஊறுகாய், நெய், தயிர், ஜாம், டூத் பேஸ்ட், லேகியம்... கொழகொழன்னு இருக்கற எல்லாமே அந்தக் கணக்குதான். கைக்குழந்தைக்கான பால், உணவு, பயணத்துல தேவைப்படற மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மருந்துக்கு டாக்டர் சீட்டும், பாட்டில்ல ஒட்டின லேபிளும் அவசியம்.

சரி, அல்வா டப்பாவையும் பருப்புப்பொடியையும் ஏன் பிரிச்சுப் பார்க்கறாங்க? இங்கேதான் நம்ம படிப்பு கொஞ்சம் உதவுது. அந்த எக்ஸ்ரே மெஷின் ரெண்டு வித எனர்ஜியில படம் எடுக்கும். உலோகம் நீலமா தெரியும். கார்பன், ஹைட்ரஜன் மாதிரி லேசான தனிமங்களாலான பொருட்கள் ஆரஞ்சு நிறத்துல தெரியும். சாப்பாடும் ஆரஞ்சு, வெடிமருந்தும் ஆரஞ்சு! அரை கிலோ அல்வா ஸ்க்ரீன்ல ஒரு கெட்டியான ஆரஞ்சு செங்கல். திறந்து பார்க்காம எப்படி விடுவாங்க? லேப்டாப்பைத் தனியா எடுத்து வைக்கச் சொல்றதும் இதே மாதிரி காரணம்தான். அதோட பேட்டரியும் சர்க்யூட்டும் அடியில இருக்கறதை மறைச்சிடும்.

அதனால, பயணத்துக்கு மூணு நாள் முன்னாடியே எல்லாப் பையையும் ஹால்ல கொட்டுங்க. பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து, 'பாட்டி, இது என்ன, யாருக்கு?'ன்னு ஒவ்வொண்ணா கேளுங்க. அதட்டினா பொருள் வேற பைக்கு மாறிடும், ஜாக்கிரதை!

நான் இதுல பாதி வேலை செஞ்சேன்கறதுதான் சோகம். அம்மாவோட மசாலா பொட்டலங்கள்ல கசகசாவைக் கண்டுபிடிச்சு எடுத்தது நான்தான். குருமாவுக்கு அரைக்கிற சாதாரண கசகசாதான். ஆனா, அது ஓபியம் எடுக்கற அதே செடியோட விதை. சிங்கப்பூர்ல போதைத் தடுப்புத் துறையோட அனுமதி இல்லாம கொண்டு போக முடியாது. ஐக்கிய அரபு நாடுகள்ல தடையே இருக்கு. துபாய் போற ஃப்ரெண்ட்ஸ், அண்டர்லைன் பண்ணிக்கோங்க. 'ஒரு கரண்டிதானேடா'ன்னு அம்மா கேட்டாங்க. ஒரு கரண்டிக்கும் சட்டம் அதேதான்னு சொல்லிப் புரிய வெச்சேன்.

தாத்தாக்கள் இருக்கற வீடா? வெத்தலைப் பெட்டியைப் பாருங்க. சிங்கப்பூருக்குள்ள மெல்லும் புகையிலை கொண்டு போகத் தடை. சிகரெட்டுக்கு ஒரு குச்சிகூட வரிவிலக்கு இல்லை. இ-சிகரெட் வெச்சிருந்தாலே குற்றம். 1992 ஜனவரியில இருந்து சூயிங்கம்முக்கும் தடை. தம்பி பாக்கெட்ல இருந்து நாலு எடுத்தேன்.

கொப்பரை இன்னொரு ஆச்சரியம். எண்ணெய் அதிகம், சட்டுனு தீப்பிடிக்கும்னு நம்ம ஊர்ல செக்-இன் பெட்டியில அனுமதி இல்லை. முழுத் தேங்காயும் கேபின்ல ஏறாது. 2024 சபரிமலை சீசனுக்கு, இருமுடியில இருக்கற தேங்காயைக் கேபின்ல கொண்டு போக மத்திய அரசு தனியா விலக்கு கொடுக்க வேண்டி வந்துச்சு!

மாத்திரைகளை ஒரிஜினல் அட்டையிலேயே வைங்க, சீட்டோட. பாட்டி எல்லாத்தையும் உருவி ஒரே டப்பாவுல போட்டு வெச்சிருந்தாங்க. சிங்கப்பூருக்கு சொந்த உபயோகத்துக்கான மருந்து மூணு மாசத்துக்கு மேல கூடாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்துன்னா அளவைப் பொறுத்து முன்அனுமதி தேவைப்படும். தினசரி மாத்திரைகள் எப்பவும் கைப்பையிலதான். பெட்டி தொலைஞ்சாலும் பிரஷர் மாத்திரை தொலையக் கூடாது. பேஸ்மேக்கர் வெச்சவங்க சோதனைக்கு முன்னாடியே சொல்லிடணும். பெண்களை மறைவான தடுப்புக்குள்ள பெண்கள்தான் சோதிப்பாங்கன்னு பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிட்டா, கூச்சம் பாதி குறையும்.

பவர்பேங்க் நம்ம ஏரியா. செக்-இன் பெட்டியில வைக்கவே கூடாது, கைப்பை மட்டும்தான். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிச்சா, கேபின்னா யாராவது பார்த்து அணைக்கலாம், கீழே சரக்கு அறையில முடியாது. லிமிட் 100 வாட்-ஹவர். உங்க பவர்பேங்க்ல 20,000 எம்.ஏ.ஹெச்.னு போட்டிருக்கா? 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுங்க, 74 வரும். பாஸ்! 30,000-னா 111. ஏர்லைன்ஸ் அனுமதி கேட்கணும். கொண்டு போகலாம்னாலும், ஃப்ளைட்ல அதை உபயோகிக்கறதுக்குச் சில ஏர்லைன்ஸ் தடை போட்டிருக்காங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல்.

அடுத்தது தங்கம். வீட்டுப் பெரியவங்க உண்மையிலேயே பயப்படற விஷயம் இதுதான். பாட்டிக்கு ரெட்டை வடம் சங்கிலியும் நாலு வளையலும். போகும்போது யாரும் கேட்க மாட்டாங்க. திரும்பி வரும்போது, 'இது இங்கேயிருந்து போட்டுட்டுப் போனதுதான்'னு நிரூபிக்கற பாரம் நம்ம தலையில விழலாம். இதுக்கு வழி இருக்கு. கிளம்பற அன்னிக்கு, இமிக்ரேஷனுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் கவுன்டர்ல நகையைக் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கலாம். பில், எடையும் விலையும் எழுதின மதிப்பீட்டுச் சான்று, போட்டோ இருந்தா வேலை சுலபம். நேரம் பிடிக்கும், சீக்கிரம் போங்க. எங்க வீட்டுல வேற முடிவு எடுத்தோம். தாலியும் ஒரு ஜோடி வளையலும் தவிர மீதியெல்லாம் பீரோவுக்குள்ள.

'ஆம்பளைக்கு 20 கிராம், பொம்பளைக்கு 40 கிராம் வரியில்லாம கொண்டு வரலாமே'ன்னு ஒரு மாமா கட்டாயம் சொல்வார். ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல தங்கித் திரும்பறவங்களுக்கான சலுகை அது. ரெண்டு வாரம் ஊர் சுத்திட்டு வர்ற நமக்கு இல்லை. மாமாகிட்ட பணிவா சொல்லுங்க.

இன்னொண்ணு, யார் பார்சலையும் வாங்காதீங்க. கிளம்பறது தெரிஞ்சதுமே தெருவே வரும். 'என் பொண்ணுகிட்ட இந்தப் பொடியை மட்டும் கொடுத்துடுப்பா!' சிங்கப்பூர்ல 15 கிராமுக்கு மேல ஹெராயின் கடத்தினா மரண தண்டனைக்குச் சட்டம் இருக்கு. பை உங்களோடதுன்னா, உள்ளே இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். திரும்பும்போது, 'இந்தச் செயினை மட்டும் போட்டுக்கிட்டு வெளியே வாங்க, வாங்கிக்கறேன்'னு அறிமுகமில்லாதவங்க கேட்டா, அதுக்கு நம்ம ஊர்ல 'குருவி'ன்னு பேரு. காலேஜ் பசங்களையும் பாட்டிகளையும்தான் முதல்ல கேட்பாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கோவிச்சுக்கிட்டாங்க. பரவாயில்லை, தீபாவளிக்குப் பேசிடுவாங்க.

ஃபார்ம் விஷயம் சுலபம். சிங்கப்பூர் அரைவல் கார்டு ஆன்லைன்ல மட்டும்தான், இறங்கற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள. குழந்தைக்கும் தனியா போடணும். இலவசம், காசு கேட்கற சைட்னா மூடிடுங்க. டிக்கெட்ல பேர் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். நம்ம இனிஷியல்தான் இங்கே வில்லன். பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேர் மட்டும் இருக்கறவங்களை 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு நாடுகள் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சதும், அப்பா பேர் கடைசிப் பக்கத்துல இருந்தா சரின்னு அப்புறம் விளக்கம் கொடுத்ததும் ஞாபகம் இருக்கலாம்.

அங்கே இறங்கினதும் பச்சை வழி, சிவப்பு வழின்னு ரெண்டு இருக்கும். அறிவிக்க எதுவும் இல்லைன்னா பச்சை, சந்தேகம்னா சிவப்பு. சிவப்புல போய்க் கேட்கறதுல அவமானம் எதுவும் இல்லை. அம்மாவோட பொடிகளைக் காட்டிக் கேட்டோம். பார்த்தாங்க, போகச் சொல்லிட்டாங்க.

மூணாம் நாள் பாட்டி முதல் தடவையா பேசினாங்க. 'இங்க சுக்கு, திப்பிலி கிடைக்குமாடா?' லிட்டில் இந்தியாவுல சிராங்கூன் ரோடு பூரா சுத்தி எல்லாம் வாங்கினோம். அக்கா வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பைத் திட்டிக்கிட்டே பாட்டி மறுபடி கிண்டினாங்க. இந்தத் தடவை கரண்டியைப் பிடிச்சது நான். கை ரெண்டு நாள் வலிச்சுது.

திரும்பும்போது அம்மா அங்கேயே தங்கிட்டாங்க. சாங்கியில எங்க டெர்மினல்ல செக்யூரிட்டி சோதனை போர்டிங் கேட் வாசல்லதான். உள்ளே வாங்கின தண்ணி பாட்டிலைக்கூட அங்கே காலி பண்ணணும். பாட்டி வரிசையில நின்னபடியே மஞ்சப்பையைத் திறந்து, கோடாலித் தைலத்தை எடுத்து என் மூக்குக்கு நேரா நீட்டினாங்க.

'எத்தனை மில்லின்னு படிடா.'

'56, பாட்டி.'

'கவர்ல போடு.'