வீடும் காப்பீடும் – 14: கூரையைத் திறந்த காற்று

காப்புத் தொகை என்பது வீட்டின் விற்பனை விலை அன்று, மனையின் மதிப்பை நீக்கிவிட்டு அதே கட்டடத்தை மீண்டும் எழுப்ப ஆகும் செலவே என்பது சென்ற வாரம் விளக்கப்பட்டது. இவ்வாரம் கூரைச் சேதத்தில் தேய்மானம் கழிக்கப்படும் முறை எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும், எவ்வளவு கழிப்பது என்ற கணக்குக்கு முன்னால், நேர்ந்த சேதம் பாலிசி ஏற்கும் சேதம்தானா என்ற கேள்வி நிற்கிறது. கூரைக் கோரிக்கைகள் பல இந்த முதற் படியிலேயே இடறுவதால் அதனைத் தாண்டிச் செல்வது முறையாகாது.

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ஒரே வாசகத்துடன் வழங்கிவரும் பாரத் கிருஹ ரக்ஷா, பெயர் குறித்த இடர்களுக்கான பாலிசியாகும். அதாவது, எந்தெந்தக் காரணங்களால் சேதம் நேர்ந்தால் இழப்பீடு உண்டு என்று அது ஒரு பட்டியல் தருகிறது, பட்டியலில் இல்லாத காரணத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், சூறாவளி, ஆழிப்பேரலை, வெள்ளம், நீர்சூழ்தல், நிலச்சரிவு, மரம் அல்லது வாகனம் போன்ற வெளிப்பொருள் மோதுதல், கலவரம் என நீளும் அப்பட்டியலில் மழை இல்லை. கூரை என்றதும் மழையையே முதலில் நினைக்கும் வீட்டுக்காரருக்கு இது அதிர்ச்சி தரலாம். ஆனால் கூரைக் காப்பீட்டின் முழு இயக்கமும் இந்த ஒரு விடுபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளது. ஐப்பசி மழையில் மேல்தளத்தின் பழைய விரிசல் வழியே நீர் இறங்கிச் சுவர் ஊறினால் அது பராமரிப்புக் குறையாகக் கருதப்படும். புயற்காற்று ஓட்டைப் பெயர்த்த இடத்தின் வழியே அதே மழை இறங்கி அதே சுவரை நனைத்தால் அது புயலின் சேதமாகிவிடும். இரண்டிலும் நீர் ஒன்றே, வழி மட்டும் வேறு.

இவ்வேறுபாட்டுக்கு அடிப்படையான கோட்பாடு, இழப்புக்கு மிக வலுவாகவும் நேரடியாகவும் வித்திட்ட காரணமே காப்பீட்டில் காரணமாகக் கொள்ளப்படும், காலவரிசையில் இறுதியாக வந்தது அன்று என்பதாகும். சட்ட நூல்கள் இதனை அண்மைக் காரணம் என வழங்குகின்றன. இக்கோட்பாட்டின் புகழ்பெற்ற வழக்கு ஒரு கப்பலைப் பற்றியது. 1915 ஜனவரியில் பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்தை நெருங்கிய இகாரியா என்னும் பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கியின் குண்டு துளைத்தது. துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்ட கப்பல் பெருங்காற்றில் மேடையோடு மோதத் தொடங்கவே, அது அங்கேயே மூழ்கி மேடையை அடைத்துவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள் வெளிப்புற அலைத்தடுப்புக்கு அருகே நகர்த்தச் சொல்ல, அங்கு ஒவ்வொரு வற்றத்திலும் தரைதட்டி இறுதியில் அது மூழ்கியது. பாலிசி கடலின் இடர்களை ஏற்றிருந்தது, போர்ச் செயல்களின் விளைவை விலக்கியிருந்தது. மூழ்கடித்தது கடலா, குண்டா என்ற கேள்விக்கு 1918-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, குண்டின் பிடியிலிருந்து கப்பல் ஒருபோதும் மீளவில்லை, ஆகவே குண்டே காரணம் என்று விடையளித்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அன்று காப்பீடு செய்தவரைத் தோற்கடித்த அதே கோட்பாடு இன்று கூரை இழந்தவருக்குத் துணை நிற்கிறது: காற்று திறந்துவிட்ட கூரையின் வழியே மறுநாள் பெய்த மழை கட்டிலையும் பீரோவையும் நனைத்தாலும், காற்றின் பிடியிலிருந்து அந்த வீடு இன்னும் மீளவில்லை என்பதே வாதம்.

ஆகவே கூரையைத் திறந்தது காற்றுதான் என்பதை நிறுவுவதே கோரிக்கையின் உயிர்நிலை. இதற்குக் காற்று கூரையை எவ்வாறு திறக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். காப்பீட்டு நூல்கள் ஒரு வரியில் கடந்து செல்லும் இச்செய்தி உண்மையில் வியப்பூட்டும் விரிவுடையது. காற்று கூரையைத் தள்ளுவதைக் காட்டிலும் உறிஞ்சி எடுக்கிறது. சுவரில் மோதி மேலெழும் காற்று கூரையின் விளிம்பில் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்து விரைவதால், விளிம்பை ஒட்டியும் முகட்டுக்கு அப்பாலும் அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. காற்றுப் பக்கத்துச் சன்னலோ கதவோ உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து மேலாக அழுத்த, இழுப்பும் தள்ளலும் ஒன்றுசேர்கின்றன. கட்டடங்களின் மீதான காற்றுச் சுமைக்குரிய இந்தியத் தர நெறி, ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் மேல் விழும் அழுத்தம் நியூட்டன் அலகில் கிடைக்கும் என்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றுக்கு இது ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமம். 120 கிலோமீட்டர் காற்றுக்கு வேகம் இரட்டிக்க, அழுத்தம் நான்கு மடங்காகி 68 கிலோவை எட்டுகிறது. சென்னைக்கு அந்நெறி விதிக்கும் அடிப்படை வேகமான நொடிக்கு 50 மீட்டரில், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரில், அது 150 கிலோவைத் தாண்டுகிறது.

இந்த எண்களைக் கூரைகளின் எடையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புயலுக்குப் பிந்தைய ஊர்களின் தோற்றம் முழுவதும் விளங்கிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 13 முதல் 15 கிலோ. தகர ஷீட் அதிலும் மிகக் குறைவு. மங்களூர் ஓடு வேய்ந்த கூரை ரீப்பர்களோடு சேர்த்துச் சுமார் 65 கிலோ. பன்னிரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட் தளமோ 300 கிலோ. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலின் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் அளவினது; ஷீட்டுகளை அவற்றின் எடை அன்று, சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட்டுகள் மட்டுமே பிடித்து நிறுத்த முடிந்த வேகம் அது. ஓட்டுக் கூரையின் நடுப்பகுதி தன் எடையால் தாக்குப்பிடித்து, உறிஞ்சல் மிகும் ஓரங்களும் மூலைகளும் முகடும் மட்டும் பறந்துவிடுவதும் இக்கணக்கின் விளைவே.

இதில் கோரிக்கைக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கிழக்கிலிருந்து காற்று அடித்திருக்க, வீட்டின் மேற்குச் சரிவில் ஓடுகள் போயிருந்தால், காற்றே படாத பக்கம் எப்படிச் சேதமடையும் என்ற ஐயம் எழுவது இயல்பு. உண்மையில் நல்ல சரிவுள்ள கூரையில் காற்றுக்கு மறைவான சரிவே அதிகம் உறிஞ்சப்படுவதால், மேற்குச் சரிவு போனது காற்றுக்கு எதிரான சான்று அன்று, காற்றுக்கான சான்றாகும். புயலின் கண் ஊரைக் கடந்து சென்றால் காற்றின் திசையும் தலைகீழாகிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தபோது சிறிது நேரம் அடங்கிய காற்று மீண்டும் எதிர்த்திசையிலிருந்து வீசியது. ஒரே நாளில் ஒரே கூரையின் இரு சரிவுகளும் சேதமடைவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் உரிமம் பெற்ற சர்வேயர், ஷீட் வேய்ந்த வீட்டில் முதலில் நோக்க வேண்டியது தரையில் கிடக்கும் துண்டுகளைக் காட்டிலும் மேலே எஞ்சியிருக்கும் போல்ட்டுகளையே. காற்று இழுத்தெடுத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், போல்ட்டைச் சுற்றி உடைந்து, வாஷருக்கு அடியில் உள்ளங்கையளவு சில்லு ஒன்றை விட்டுச் செல்வதுண்டு. அச்சில்லின் முறிவு வெளுப்பாகவும் புதிதாகவும் இருந்தால் உடைப்பும் புதிது, பாசியும் கறுப்பும் ஏறியிருந்தால் உடைப்பு பழையது. தென்னை விழுந்து உடைந்த ஷீட்டிலோ துண்டுகள் வீட்டுக்குள் விழுந்திருக்கும், கீழேயுள்ள பர்லின் கம்பி வளைந்திருக்கும். அதுவும் மோதல் என்னும் தனி இடரின் கீழ் இழப்பீட்டுக்கு உரியதே. துருப்பிடித்த போல்ட்டைக் காட்டிச் சேதம் முழுவதையும் பராமரிப்புக் குறையென ஒதுக்குவது சரியாகாது. வீட்டை நியாயமான நிலையில் வைத்திருக்கும் கடமை பாலிசிதாரருக்கு உண்டு, புதுக் கூரை வைத்திருக்கும் கடமை இல்லை. பல பருவமழைகளைத் தாங்கிய கூரை ஒரு புயலிரவில் போனால், துரு அதற்குத் துணைபோயிருக்கலாமே தவிர அதனை எடுத்துச் சென்றது புயல்தான். இங்கு சேதத் துண்டுகளை அவசரமாக அள்ளிக் குப்பையில் கொட்டிவிடும் வீட்டுக்காரர் தம் கோரிக்கையின் சிறந்த சாட்சியைத் தாமே அழித்துவிடுகிறார் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தார்ப்பாய் போட்டு மேலும் நனையாமல் காப்பது கடமை. அதற்கு முன் போல்ட், விளிம்பு, முகடு ஆகியவற்றை அருகிலிருந்து படமெடுப்பதும், தார்ப்பாய்க்கான ரசீதைப் பத்திரப்படுத்துவதும் அதே அளவு முக்கியம்.

மொட்டைமாடி வீடுகளுக்கு இவ்வளவு பேச்சு தேவைப்படுவதில்லை. 300 கிலோ தளத்தைக் காற்று திறப்பதில்லை. ஆகவே தட்டோட்டின் இணைப்புகள் விட்டோ, மழைநீர்க் குழாய் அடைத்து நீர் தேங்கியோ வரும் ஒழுக்குக்கு இழப்பீடு எதிர்பார்ப்பது வீண். ஆனால் அம்மாடியின் மேல் பின்னாளில் போடப்படும் ஷீட் அறை கவனத்துக்குரியது. பாலிசி தொடங்கியபோது அல்லது புதுப்பித்தபோது இருந்த கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உட்பட்ட பயன்பாட்டுப் பரப்பை, பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டும் எந்தச் சேர்க்கைக்கும், கூடுதல் பிரீமியம் செலுத்திப் பாலிசியில் பதிவு செய்தாலன்றிக் காப்பு கிடையாது. புயலில் முதலில் பறப்பது அந்த அறையின் கூரையே என்பதால் இவ்விதியின் சுமை மிகப் பெரிது.

கூரையின் பொருளே காப்பின் எல்லையை வகுக்கும் வழக்கம் பழையது. ஓலை, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய் முதலியவற்றாலான கூரைகளைப் பழைய அகில இந்தியத் தீக்காப்பு விகிதப் பட்டியல் ‘கச்சா’ கட்டுமானம் என வகுத்து உயர்ந்த பிரீமியம் விதித்தது. கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்காக 1988-இல் மத்திய அரசு கொண்டுவந்த குடிசைக் காப்பீட்டுத் திட்டம், பயனாளியிடம் பிரீமியம் வாங்காமல், குடிசைக்கு 1,000 ரூபாயும் உடைமைகளுக்கு 500 ரூபாயும் அளித்தது. அது அன்றைய நிலையில் மதிக்கத்தக்க முயற்சிதான். ஆயினும் அது தீ விபத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கடலோரக் குடிசைக்குத் தீயைப் போலவே காற்றும் எதிரி என்பதை அத்திட்டம் கணக்கில் கொள்ளாதது பெருங்குறை. கஜாவுக்குப் பின்னும் ஓலைக் கூரைக்காரர்கள் காப்பீட்டை அன்று, அரசின் நிவாரணத்தையே நம்பியிருக்க நேர்ந்ததன் வேர் இங்கே இருக்கிறது. இது தனி அதிகாரமாக விரிக்கத்தக்கது.

கோரிக்கையின் கால வரம்புகளை இவ்விடத்தில் சுருக்கமாகக் கூறிவிடலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, சேதம் தெரிவிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை பெறப்பட வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு கூற வேண்டும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்குக் கோரிக்கைத் தொகையில் 2 விழுக்காடு வரையிலும், பொறியாளர் முதலியோர் கட்டணத்துக்கு 5 விழுக்காடு வரையிலும் பாரத் கிருஹ ரக்ஷாவில் இடமுண்டு. இவற்றைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடுவோரும் உண்டு.

தேய்மானக் கணக்கு, சந்தை மதிப்பு முறைக்கும் மீளமைப்பு மதிப்பு முறைக்கும் உள்ள வேறுபாட்டுடன் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளப்படும். அக்கணக்கைத் தம் வீட்டுக்கே போட்டுப் பார்க்க விரும்புவோர், பாலிசி அட்டவணையில் எழுதப்பட்டுள்ள கார்ப்பெட் ஏரியா எத்தனை சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்குக் கட்டுமானச் செலவாக எவ்வளவு குறிக்கப்பட்டுள்ளது என்னும் இரு எண்களையும் குறித்து வைத்துக்கொள்வது நலம்.