ஸ்டூல் இருக்கு... உட்கார விடுறாங்களா?

அஸ்தினாபுரம்:-

அஸ்தினாபுரம் பக்கமிருந்து குரோம்பேட்டை ஜவுளிக்கடைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு நாள் முழுக்க நின்றபடியே வேலை. சேலையை விரித்துக் காட்டணும், மடித்து வைக்கணும். ராத்திரி வீடு திரும்பினால் கால் வீக்கம்!

நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். நாளாவட்டத்தில் நரம்பு சுருண்டு புடைக்கும்.

கோழிக்கோடு கடைப் பெண்கள் இதற்காகப் போராடினார்கள். 2018-ல் கேரளாவில் சட்டம் திருத்தப்பட்டது. இங்கே 2021 செப்டம்பர் 6-ந்தேதி அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். 1947-ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை போடணும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைத்தால் உட்காரலாம்.

அதற்காக உட்கார்ந்தே கிடந்தாலும் ஆபத்துதான். குமாஸ்தாக்களைக் கேளுங்கள், முதுகுவலிக் கதை சொல்வார்கள்! கொஞ்சம் உட்காரணும், கொஞ்சம் நடக்கணும். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்கினாலும் நல்லது.

முதலாளிக்குச் செலவு ஒரு ஸ்டூல். ஆனால் கூட்டமில்லாத மத்தியானத்தில் உட்கார்ந்த பெண்ணை, "எழுந்திரும்மா" என்று விரட்டும் சூபர்வைசருக்கு 22-ஏ தெரியுமா? தெரியாவிட்டால், புகார் சொல்ல வேண்டிய இடம் தொழிலாளர் துறை.