சக்கரத்தில் ஒரு வீடு – 9: எடை ஒரு கேள்வி, கை ஒரு கேள்வி

போன வாரத்தோடு தரை, சுவர், கூரை மூன்றும் முடிந்தன. ஃபோம் அட்டை உள்ளே போய், பிளைவுட் மேலே மூடிவிட்டது. இப்போது நம் முன்னால் இருப்பது வெறும் பெட்டி: அகலம் 6 அடி, நீளம் 12 அடி, முன்பக்கம் வி வடிவ மூக்கு. அமெரிக்காவில் சரக்கு ட்ரெய்லரை வாங்கி வீடாக மாற்றுகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் அளவுகளில் இது ஒன்று. சுவர் எழும்பிய பிறகு உள் அகலம் 5 அடி 9 அங்குலம் தேறும்.

காலிப் பெட்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. இந்தச் சுவரில் அலமாரி, அந்த மூலையில் பரண், கட்டிலுக்கடியில் டிராயர் என்று காகிதத்தில் கட்டம் போட ஆரம்பித்துவிடும். ஆனால் சரக்கு ட்ரெய்லரில் பொருள் வைக்கும் இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதற்காகவே செய்த வண்டி அது. பஞ்சமெல்லாம் ஏற்றக்கூடிய எடையிலும், மனிதர் நின்று திரும்பக்கூடிய தரையிலும்தான். எனவே அலமாரி வரைவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதன் எடை என்ன? இதை எத்தனை தடவை தொடுவோம்? இந்த இரண்டு பதில்களும் பல நேரம் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கும். அந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பதுதான் ட்ரெய்லருக்குள் அலமாரி அமைக்கும் வேலை.

முன்பாரம், பின்பாரம்

முதலில் எடை. 6×12 ட்ரெய்லர்கள் பெரும்பாலும் ஒற்றை அச்சில் ஓடுபவை. அச்சு 3,500 பவுண்டு தாங்கும். ஆனால் தயாரிப்பாளர் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்தால் மொத்த எடை வரம்பு பல சமயம் 2,990 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,356 கிலோ என்று இருக்கும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 3,000 பவுண்டைத் தாண்டினால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அந்தக் கோட்டுக்குப் பத்து பவுண்டு முன்னாலேயே நின்றுகொள்கிறார்கள். காலி வண்டியே 500 கிலோவைத் தாண்டும். மிச்சமிருக்கும் 800 சொச்சம் கிலோவில்தான் சுவர், கட்டில், தண்ணீர், துணிமணி, அரிசி பருப்பு எல்லாம் அடங்க வேண்டும்.

அலமாரியே அந்தக் கணக்கில் எவ்வளவு தின்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 8க்கு 4 அடி மென்மரப் பிளைவுட், 18 மில்லிமீட்டர் தடிமனில் 30 கிலோ வரும். 12 மில்லிமீட்டரில் 20 கிலோ. ஐந்து தாள் போட்டால் தடிமனில் மட்டுமே 50 கிலோ வித்தியாசம். வீட்டு அலமாரி செய்த பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 18 மில்லிமீட்டர் எடுத்தால், ஒரு துணிகூட வைப்பதற்கு முன்பே பாரம் ஏறிவிடும்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். ட்ரெய்லருக்கு நுகத்தடி, காரின் பின்னாலிருக்கும் கொக்கி. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கொக்கியில் முன்பாரமாக இறங்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் பின்னால் வாலாட்டும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரத்துக்குச் சாலையில் பிடிமானம் குறையும்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கேலன் தொட்டி நிறைந்தால் உள்ளே சுமார் 76 லிட்டர், அதாவது 76 கிலோ. நம் ட்ரெய்லரில் கொக்கியிலிருந்து அச்சுவரை 3.2 மீட்டர் என்று கொள்வோம். நிரப்புவதில் சிரமம் இருக்காது என்று தொட்டியைப் பின்கதவோரம், அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் வைத்தால், தொட்டி நிறையும்போது கொக்கியிலிருந்து ஏறத்தாழ 36 கிலோ குறையும். 1,300 கிலோ வண்டியில் 150 கிலோவாக இருந்த முன்பாரம் 114க்கு வந்துவிடும். 10 சதவீதமான 130க்குக் கீழே போயாயிற்று. அதே தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வைத்தால் நிறைந்தாலும் காலியானாலும் கொக்கிக்கு ஒன்றும் தெரியாது. போகப் போகத் தீர்கிற பொருளோ நிரம்புகிற பொருளோ, அது அச்சின் மேல்தான் இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே விதி.

இதைச் சரிபார்க்கக் குளியலறை எடைமேடை ஒன்று போதும். நேராகக் கொக்கிக்கு அடியில் வைத்தால் மேடை தாங்காது என்பதால் ஒரு மரக்கட்டை உபாயம் செய்வார்கள். கனமான கட்டையின் ஒரு முனையை ஒரு குழாயின் மீதும், மறுமுனையை எடைமேடையின் மீதும் கிடைமட்டமாக வைக்க வேண்டும். இரண்டு தாங்கலுக்கும் நடுவே 3 அடி. குழாயிலிருந்து 1 அடி தள்ளி, கட்டையின் மேல் ட்ரெய்லரின் முன்முனையை இறக்க வேண்டும். மேடையில் வருவது மூன்றில் ஒரு பங்கு. மேடை 48 கிலோ என்றால் முன்பாரம் 144. அலமாரி ஒவ்வொன்றும் ஏறியபின் இப்படி ஒரு தடவை பார்த்துக்கொண்டால், வேலை முடிந்தபின் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்காது.

நான்கு குவியல்

இரண்டாவது கேள்வி, கை. கொண்டுபோகப் போகும் அத்தனையையும் தரையில் பரப்பி நான்கு குவியலாகப் பிரிக்கலாம்.

கனமானது, எப்போதாவது தொடுவது: கருவிப்பெட்டி, ஜாக்கி, உதிரிப் பாகங்கள். இவை தரைமட்டத்தில், அச்சுக்குப் பக்கத்தில். லேசானது, அடிக்கடி தொடுவது: துணி, துண்டு, டார்ச், மருந்து. இவை கண்மட்டத்திலும் கைக்கெட்டும் தூரத்திலும். லேசானது, எப்போதாவது தொடுவது: குளிர்காலப் போர்வை, மழைக்கோட்டு. உயரப் பரணோ பின்கோடியோ இவற்றுக்குப் போதும். இந்த மூன்றிலும் தகராறு இல்லை.

நான்காவது குவியல்தான் முரண்டு பிடிக்கும்: கனமும் உண்டு, தினமும் வேண்டும். தண்ணீர், ஃபிரிட்ஜ், பாத்திரம், மளிகை. இவற்றில் தண்ணீர் எளிதில் சமாதானமாகிவிடும். தொட்டி அச்சின் மேல் கிடந்தால் போதும், குழாயும் சின்ன பம்பும் அதைக் கைக்குக் கொண்டுவந்துவிடும். பேட்டரியும் அப்படித்தான், கம்பி வழியே வந்துவிடும். ஃபிரிட்ஜும் மளிகையும் வராது. நாம்தான் போக வேண்டும். அவற்றுக்கு இடுப்புக்குக் கீழே, பக்கவாட்டுக் கதவுக்கு எட்டும் தூரத்தில், அச்சுக்குச் சற்று முன்னால் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவற்றை வரைய வேண்டும். ஃபிரிட்ஜ் இடப்பக்கம் என்றால் தண்ணீரையோ பேட்டரியையோ வலப்பக்கம் தள்ளி, இரண்டு சக்கரத்துக்கும் பாரத்தைப் பங்கிட வேண்டும்.

கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 5 அடி 9 அங்குல அகலத்தில் குறுக்கே படுத்தால் சற்று உயரமானவருக்குத் தலையோ காலோ இடிக்கும். எனவே 6 அடி அகல வண்டியில் கட்டில் நீளவாக்கில், பின்கதவை ஒட்டி வரும். 75 அங்குல நீளம், 54 அங்குல அகலம், அடியில் 20 அங்குல உயரம் விட்டால் கிடைப்பது 1,300 லிட்டருக்கும் மேல். வண்டியிலேயே பெரிய கிடங்கு இதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் அத்தனையும் பின்பாரம். ஆகவே கட்டிலுக்கடியைக் குறுக்கே தடுத்து இரண்டாக்குவது நல்லது. தலைமாட்டுப் பக்கம், அச்சின் மேல் வரும் பாதியில் தண்ணீர், பேட்டரி, கருவி. பின்கதவுப் பக்கத்துப் பாதியில் மடக்கு நாற்காலி, வெயில்மறைப்புத் துணி, தண்ணீர்க் குழாய் முதலான லேசான வெளிச்சாமான். வண்டியை நிறுத்தியதும் வெளியே நின்று எடுப்பவையும் இவைதான். இங்கே எடையும் கையும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

1926இன் சமையலறை

இதே சிக்கலுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் விடை தேடியவர் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபுர்ட் நகரம் உழைக்கும் குடும்பங்களுக்காகப் பெருமளவில் குடியிருப்புகள் கட்டியபோது, 1926இல் அவற்றுக்கான சமையலறையை இவர் வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது, ரயிலின் உணவுப் பெட்டியிலிருந்த குறுகலான சமையல்கட்டு. அவருடைய சமையலறையின் அளவு ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். நம் 6×12 ட்ரெய்லர் 1.83க்கு 3.66. கிட்டத்தட்ட ஒரே தரைப்பரப்பு.

அந்தச் சமையலறையில் அரிசிக்கும் சர்க்கரைக்கும் தனித்தனி அலுமினியப் பெட்டிகள் இருந்தன. பெயர் பொறித்து, கைப்பிடி வைத்து, மூக்கு வடிவில் முனை விட்டுச் செய்தவை. உருவி எடுத்து அப்படியே சட்டியில் சாய்க்கலாம். கரண்டி தேட வேண்டாம், மூடி திறக்க வேண்டாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் பெட்டி, புழு அண்டாது என்பதற்காக. முதலில் பொருள், அதற்கேற்ற பெட்டி, பெட்டிக்கேற்ற அலமாரி என்ற வரிசையில் அவர் யோசித்திருக்கிறார்.

ட்ரெய்லர் கட்டுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி மாட்டிக்கொள்வது உண்டு. முதலில் கட்டிலை அடித்துவிட்டு, பிறகு அடியில் நுழையும் டப்பாவைத் தேடிக் கடை கடையாக அலைவார்கள். அமெரிக்காவில் எல்லா ஊரிலும் கிடைக்கும் 27 கேலன் பிளாஸ்டிக் பெட்டி ஏறக்குறைய 30 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 14 அங்குல உயரம். அதை முதலில் வாங்கி நடுவில் வைத்துவிட்டு அளவெடுத்தால், 54 அங்குலக் கட்டிலுக்கடியில் இரண்டு வரிசை போக 14 அங்குலம் மிஞ்சுவது தெரியும். கூடாரக் கம்பியும் தூண்டிலும் நீளவாக்கில் படுக்க அது போதும்.

குலுங்கும் அலமாரி

ஃபிராங்க்ஃபுர்ட் சமையலறை நகரவில்லை. நம்முடையது பள்ளம் மேட்டில் குதிக்கும். வீட்டு அலமாரியின் காந்தப் பிடிப்பு இங்கே முதல் வேகத்தடையிலேயே விட்டுவிடும். அழுத்தினால் குமிழ் வெளியே வந்து, மறுபடி அழுத்தினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள்களே நிற்கும். டிராயருக்கு, மூடிய நிலையில் தானே பூட்டிக்கொள்ளும் ஸ்லைடு. முன்னோக்கித் திறக்கும் டிராயர் பிரேக் அடித்தால் வெளியே பாயும் என்பதால் டிராயர்களைப் பக்கவாட்டில் திறக்குமாறு வைப்பது நல்லது. திறந்த தட்டுகளுக்குப் பாய்மரப் படகுகளில் இருப்பதுபோல் விளிம்பில் இரண்டு அங்குலக் கட்டை.

அலமாரியைச் சுவரில் மாட்டும்போது பிளைவுட்டை நம்பக் கூடாது; அதற்குப் பின்னாலிருக்கும் இரும்புத் தூணைப் பிடிக்க வேண்டும். 16 அங்குலத்துக்கு ஒன்று வரும் அந்தத் தூண்களைப் போன வாரம் தரையில் பென்சிலால் குறித்துவைக்கச் சொன்னது இதற்குத்தான். ஸ்க்ரூவின் நீளத்தையும் கணக்குப் பார்த்தே எடுக்க வேண்டும். அலமாரியின் முதுகுப்பலகை 12 மில்லிமீட்டர், சுவர்ப் பிளைவுட் 9, தூணின் ஆழம் 25. ஆக, வெளித்தகடு வரை 46 மில்லிமீட்டர். வெளித்தகடோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அலுமினியம். 35 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இரும்பைக் கடித்து நிற்கும். கைக்குக் கிடைத்தது என்று 50ஐ முடுக்கினால் வெளியே 4 மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும். அடுத்த மழை அந்த வழியே உள்ளே வரும்.

வெளி மழையைத் தடுத்தாலும் உள்ளே ஈரம் உண்டு. குளிர் இரவில் மூடிய வண்டிக்குள் இருவர் விடும் மூச்சே போதும். அது எங்கே குளிர்ச்சி அதிகமோ அங்கே போய்த் தண்ணீராக நிற்கும். துணி அலமாரியின் பின்மூலையும் மெத்தையின் அடிப்பக்கமும் அப்படிப்பட்ட இடங்கள். எனவே துணி அடுக்கும் தட்டைச் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்தி, கதவின் மேலும் கீழும் துளை போட வேண்டும். கட்டிலுக்கு முழுப்பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள். எரிவாயு உருளைக்கு மட்டும் உள்ளே இடமே கிடையாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வெளியே, முன்தண்டின் மேல்தான் அது பயணம் செய்ய வேண்டும். முன்பாரக் கணக்கில் அதன் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் வரைந்து முடித்தபின், பிளைவுட்டை அறுக்காதீர்கள். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, டேப் ஒட்டி, அதே அளவில் அலமாரிகளை உள்ளே நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் மூடியைத் திறந்தபடி ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் கதவுக்குப் போக முடிகிறதா, கட்டிலில் உட்கார்ந்தபடி செருப்பைக் கழற்றிவைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் அட்டையை இன்னும் கொஞ்சம் வெட்டலாம், செலவு ஒன்றுமில்லை. அலமாரிகளில் ஒரு பங்கைக் காலியாகவே விடுங்கள். போகும் வழியில் வாங்குகிற தர்பூசணிக்கும் நனைந்த கூடாரத்துக்கும் அந்த இடம் வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் மின்சாரம். அச்சின் மேல் இடம் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பேட்டரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், உறைபனிக் காலத்தில் அதை ஏன் ஃபோம் சுவருக்கு உள்ளேயே வைத்துக்கொள்கிறோம் என்று பார்ப்போம்.

(தொடரும்)