ஜியோரமா: உலகத்தின் உள்ளே நுழைந்தவர்கள்

நுழையும்முன்

சொற்களுக்கும் பிறப்பு, வளர்ச்சி, மறைவு ஆகியவை உண்டு. புதிய பொருளொன்று தோன்றும்போது அதனுடன் புதிய சொல்லும் தோன்றுகிறது. பொருள் மறைந்தபின் அச்சொல் என்னவாகிறது? ஐரோப்பாவில் பிறந்து வழக்கொழிந்த ஒரு சொல்லின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

சொல்லின் பிறப்பு

நம் வகுப்பறையிலுள்ள உலக உருண்டையை நாம் வெளியே நின்று பார்க்கிறோம். எவ்வளவு முயன்றாலும் ஒரே நேரத்தில் அதன் பாதிக்கு மேல் காண இயலாது. காணும் பாதியிலும் ஓரங்கள் சாய்ந்து குறுகித் தோன்றும். உருண்டையைப் பெரிதாக்கி, உள்ளீடற்றதாகச் செய்து, அதன் உட்சுவரில் நிலப்படத்தைத் தீட்டி, நடுவில் நின்று பார்த்தால் என்ன? நாற்புறமும் நிலமும் கடலும் சூழ்ந்திருக்கும். எல்லா இடங்களும் கண்ணுக்கு ஒரே தொலைவில் அமையும். இவ்வெண்ணத்தைப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த தெலாங்லார் என்பவர் 1820களில் பாரிஸ் நகரில் செயற்படுத்தினார். அக்காட்சிக்கூடமே ‘ஜியோரமா’ எனப்பட்டது. கிரேக்க மொழியில் ‘கே’ என்பது புவியையும் ‘ஹோராமா’ என்பது காட்சியையும் குறிக்கும். எனவே, ‘புவிக்காட்சி’ என்பதே இச்சொல்லின் பொருள்.

இலண்டனின் பேருருண்டை

இவ்வகைக் கூடங்களுள் பெரும்புகழ் பெற்றது, நிலப்பட வல்லுநர் ஜேம்ஸ் வைல்டு இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அமைத்த பேருருண்டை. உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்ற 1851ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அதன் விட்டம் ஏறத்தாழ 60 அடி. உட்புறத்தில் மலைகளும் ஆறுகளும் சுண்ணச்சாந்தால் புடைப்பாக வடிக்கப்பட்டிருந்தன. மக்கள் படிக்கட்டுகளில் ஏறி, மேடைகளில் நின்று, நிலவுலகைக் கண்டனர்.

இத்துணைப் பெரிய உருண்டையிலும் ஓர் அங்குலம் ஏறத்தாழ 11 மைல்களைக் குறிக்கும். ஆகவே, உயரத்தை மிகைப்படுத்தாமல் வடித்தால் இமயத்தின் மிகவுயர்ந்த சிகரமும் அரை அங்குலமே எழும். புவியின் பருமனுக்கு முன் மலைகள் எத்துணைச் சிறியவை என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. 1862இல் அக்கட்டடம் இடிக்கப்பட்டது, உருண்டையும் எஞ்சவில்லை.

கண்ணாடிக் கோளம்

ஜியோரமாவின் வழிவந்த ஒன்றை இன்றும் காணலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1935இல் திறக்கப்பட்ட ‘மேப்பேரியம்’, 30 அடி விட்டமும் 608 கண்ணாடிப் பலகைகளும் கொண்டது. பார்வையாளர்கள் அதன் நடுவேயுள்ள கண்ணாடிப் பாலத்தில் நடந்து செல்கின்றனர். ஒளி ஊடுருவும் ஓர் உருண்டையை உள்ளிருந்து நோக்கினால், கிழக்கும் மேற்கும் இடம்மாறித் தோன்றும். அக்குறை நேராவண்ணம், உள்ளே நிற்போரின் பார்வைக்கு ஏற்ப நிலப்படம் தீட்டப்பட்டுள்ளது. அதன் எல்லைக்கோடுகள் அன்றிருந்தவாறே பேணப்படுகின்றன. அதனால், அங்கே இந்தியா இன்றும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட நாடாகவே காட்சியளிக்கிறது.

வாழும் சொல்லும் மறையும் சொல்லும்

‘ஜியோரமா’ தனித்துப் பிறந்த சொல்லன்று. வட்டச்சுவரில் தீட்டிய பேரோவியத்தைக் குறித்த ‘பனோரமா’ 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஒளிமாற்றத்தால் உயிர்பெறும் ஓவியக்காட்சியைக் குறித்த ‘டயோரமா’ 1822இல் பாரிஸில் அறிமுகமானது. அவ்வோவியக் கூடங்களின் காலம் முடிந்தபோதும் இவ்விரு சொற்களும் மறையவில்லை. பரந்த நிலக்காட்சிக்கும் அகன்ற ஒளிப்படத்திற்கும் பனோரமா பெயராயிற்று. அருங்காட்சியகத்தின் சிற்றுருவக் காட்சியமைப்பிற்கு டயோரமா பெயராயிற்று. ஜியோரமாவோ தான் குறித்த கூடத்தோடு பிணைந்தே நின்றது. கூடம் மறைந்ததும் சொல்லும் அகராதிக்குள் ஒடுங்கியது.

நம் மொழியிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. எள்ளிலிருந்து பெற்ற நெய்யே முதலில் ‘எண்ணெய்’ எனப்பட்டது. பின்னர் அச்சொல் பொருள் விரிந்து, தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என வளர்ந்தது. எள்ளை மட்டுமே பற்றி நின்றிருந்தால் இத்துணைப் பரந்த வழக்கு அதற்கு வாய்த்திராது.

இன்று செயற்கைக்கோள் படங்கள் உலகைக் கைப்பேசிக்குள் அடக்கிவிட்டன. ஆயினும், உலகம் முழுவதும் தன்னைச் சூழ்ந்திருக்க, அதன் நடுவே ஒருவர் நிற்கும் பட்டறிவைக் குறிக்க நம்மிடம் தனிச்சொல் இல்லை. ‘கோளரங்கம்’ என்னும் சொல்லை ஆக்கிக்கொண்ட தமிழுக்குப் ‘புவியரங்கம்’ என்பதும் அரியதன்று. ஆனால், ஆக்குவது மட்டும் போதாது. புதிய பொருளுக்கு இடந்தந்து, மக்கள் வழக்கில் பயின்றுவரும் சொல்லே காலத்தைக் கடந்து வாழும்.