உட்கார்ந்து சொல்லுங்கள், டாக்டர்
திருப்பூரில் மருத்துவம் பார்க்கிறேன். பனியன் கம்பெனியிலிருந்து பஞ்சுத்தூசி படிந்த சேலையோடு ஓடிவரும் நோயாளியின் மனைவியிடம், வராந்தாவில் நின்றபடியே "கேன்சர்" என்று சொல்லிவிட்டு நகர்வது கொடுமை.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கும் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் வால்டர் பெய்ல் குழுவினர் 2000இல் ஆறு படிகளை வெளியிட்டார்கள்: தனியிடத்தில் உட்காருவது, என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு அறிய விருப்பம் என்று கேட்பது, எளிமையாகச் சொல்வது, அழ இடம் கொடுப்பது, அடுத்ததைச் சேர்ந்து திட்டமிடுவது. 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் நோயாளியிடம் பேசும் பயிற்சி உண்டு.

எங்கள் ஊருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். ஒடிசாத் தொழிலாளிக்கு ஒடியாவில் சொல்ல ஆள் வேண்டும். "எத்தனை வாரச் சம்பளம் போகும்?" என்ற கேள்விக்கும் பொறுமையாகப் பதில் வேண்டும். குடும்பத்தாரே, புரியும்வரை கேளுங்கள்; அது உங்கள் உரிமை.